வீட்டிலிருந்தே படிக்கலாம்

மடிக்கணினியைப் பக்கவாட்டில் நிறுத்தி வைத்தால் படுத்தபடியே திரையைப் படிக்கலாம் என்று கண்டுபிடித்தது நான்தான். அது சரிந்து விழாமல் இரண்டு பக்கமும் தலையணை அண்டக் கொடுத்தவர் என் மாமனார். இடப்பக்கமாகவே படுத்திருக்க வேண்டும், குளியலறைக்குத் தவிர எதற்கும் எழுந்திருக்கக் கூடாது என்பது மருத்துவரின் உத்தரவு. அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். முதல் கரு தங்காமல் போயிருந்ததால் இந்த முறை மருத்துவரின் பேச்சுக்கு வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை, நானும் பேசவில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில், வாரக்கணக்கில் கிடந்தேன். அந்தச் சாய்ந்த திரையில் நான் அதிகம் படித்தது எந்தக் கட்டுரையையும் அல்ல. உங்கள் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது என்ற ஒரே ஒரு வரியைத்தான்.

பிசியோதெரபி மேற்படிப்பில் இரண்டாம் வருடம் அது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போன முதியவர்கள் கீழே விழாமல் இருக்க என்னென்ன பயிற்சிகள் கொடுக்கலாம் என்பது என் ஆய்வு. ஆய்வுத் திட்டத்தை எழுதிக் கொடுக்கக் கெடு வைத்திருந்தார்கள். தவறினால் அடுத்த மாணவர் அணியோடுதான் கொடுக்க முடியும். எழுதுவதற்கு முன் இந்தத் துறையில் மற்றவர்கள் செய்திருப்பதை முழுதாகப் படித்திருக்க வேண்டும். "கட்டுரைச் சுருக்கத்தை மட்டும் படிச்சிட்டு எழுதிக்கிட்டு வந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்மா" என்று வழிகாட்டியான பேராசிரியை முதலிலேயே சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பயிற்சியை எத்தனை முறை செய்யச் சொன்னார்கள், எவ்வளவு நேரம் நிற்கச் சொன்னார்கள் என்பதெல்லாம் சுருக்கத்தில் வராது. அது தெரியாமல் ஒரு வயதானவரை ஒற்றைக் காலில் நிற்க வைப்பது அபத்தம்.

நான் படுக்கையில் விழுந்தபோது இதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து நூலக வாசலில் ஒரு பெரிய பதாகை தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். 'வீட்டிலிருந்தே படிக்கலாம்' என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே ஒரு பெண் சோபாவில் சாய்ந்து மடிக்கணினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். அடையாறு பாலத்தைத் தாண்டிப் போனால் கொஞ்ச தூரத்தில் கல்லூரி. போக முடியாவிட்டால்தான் என்ன, நூலகம் வீட்டுக்கு வருமே என்று இருந்தேன்.

கட்டுரைகளை முழுதாகத் திறக்க நூலகக் கணக்கு வேண்டும். அதன் கடவுச்சொல்லைப் புதுப்பிக்கும் இணைப்பு கல்லூரி மின்னஞ்சலுக்குப் போகும். கல்லூரி மின்னஞ்சலைத் திறக்க அதே கடவுச்சொல் வேண்டும். நூலகத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் மிகவும் பணிவாகப் பேசினார்.

"ஒண்ணும் பிரச்சனை இல்ல மேடம். ஐடி கார்டோட நேர்ல வந்துடுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

"நேர்ல வர முடியாததாலதான் சார் வீட்டிலிருந்து படிக்கப் பார்க்கிறேன்."

"புரியுது மேடம். ஆனா ஆளைப் பார்க்காம ரீசெட் பண்ண சிஸ்டம் ஒத்துக்காது."

இதே உரையாடலை நான் வெவ்வேறு குரல்களோடு பலமுறை நடத்தினேன். ஒவ்வொரு முறையும் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும்: உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? ஒருநாள் கைபேசியைச் சுவரில் எறிந்தேன். சத்தம் கேட்டு மாமா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து தி.நகரில் பாத்திரக்கடை நடத்தியவர். அத்தை இறந்த பிறகு கடையை மூத்த மகனிடம் ஒப்படைத்துவிட்டு எங்களோடு வந்து இருந்தார். என் கணவருக்கு ஹைதராபாத்தில் வேலை. சனி, ஞாயிறுதான் வருவார். என் அம்மாவால் மதுரையில் அப்பாவை விட்டுவிட்டு வர முடியவில்லை. ஆக, அந்த மாதங்களில் வீட்டில் நானும் மாமாவும்தான். ஒரு மாமனார் மருமகளுக்குத் தட்டில் சோறு போட்டுக் கட்டிலருகே கொண்டுவந்து வைப்பதில் ஆரம்பத்தில் இருவருக்குமே கூச்சம் இருந்தது. அவர் வைத்த தேங்காய்ப்பால் சொதி அந்தக் கூச்சத்தைப் போக்கிவிட்டது.

கரண்டியோடு நின்றவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"சாவியை உள்ள வச்சுப் பூட்டுன கதையால்லா இருக்கு" என்றார். "அந்த நம்பரை என்கிட்ட குடும்மா. நான் பேசுதேன்."

கடனுக்குச் சரக்கு அனுப்பாத மொத்த வியாபாரியிடம் பேசும் குரலில் மாமா தினமும் காலையில் உதவி எண்ணுக்குப் பேசினார். முதலில் குசலம் விசாரிப்பார். பிறகு, "எங்க பிள்ளை விஷயம் என்ன ஆச்சு தம்பி?" என்பார். பிறகு குரல் உயரும். "கடைக்கு வந்தவங்ககிட்ட, சாமான் கண்ணாடிக்குள்ள இருக்கு, பாத்துட்டு மட்டும் போங்கன்னா சொல்லுவோம்?" மறுமுனையில் இருப்பவர்கள் இவருக்காகவே எண்ணை மாற்றிவிடுவார்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது. வேறு வழியில் முயன்று பார்க்கலாம் என்று பேராசிரியையிடம் கேட்டேன். அவருடைய கணக்கு ஊழியர்களுக்கானது, கட்டுரைகளை அனுப்பினால் விதிமீறல் என்றார். தோழிகள் எல்லோரும் மருத்துவமனைப் பயிற்சிக்கு ஆளுக்கொரு திசையில் போயிருந்தார்கள். அவர்களில் பேசக் கிடைத்த இருவருக்கும் இதே கோளாறு.

ஒருநாள் காலை மாமா சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். என் அடையாள அட்டை, மருத்துவர் சான்றிதழ், நான் எழுதிக் கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டார். கல்லூரி வாசலில் காவலாளி மறித்திருக்கிறார். "இன்னா சார், யார பாக்கணும்? ஸ்டூடண்ட் தவிர யாரையும் உள்ள உட மாட்டாங்க." மாமா அவரோடு வெயிலைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் பேசி உள்ளே போய்விட்டார். ஆனால் நூலகத்தில் அவர் பேச்சு எடுபடவில்லை. மாணவர் நேரில் வர வேண்டும். "அவ படுத்திருக்கா. போன்ல முகத்தைக் காட்டுதேன், பாத்துக்கிடுங்க" என்று கைபேசியை எடுத்தாராம். கைபேசிக்கு அனுமதி இல்லை என்று சுவரில் எழுதியிருந்ததைக் காட்டினார்களாம்.

அடுத்த முறை போனபோது, அச்சில் வரும் இதழையாவது கொடுங்கள், நகல் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே சொன்னார்: "தாள்ல வாங்குறதை எல்லாம் நிறுத்திட்டாவளாம்மா. இப்ப எல்லாம் வீட்ல இருந்தே படிக்கலாமாம்." கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வயிறு குலுங்கினால் ஆகாது என்று இரண்டையும் அடக்கிக்கொண்டேன். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் போக வேண்டாம் மாமா, விட்டுவிடலாம் என்றேன். "சும்மா இரும்மா" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் மறுபடி கிளம்பிப் போனார். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வரவில்லை. கைபேசியை எடுக்கவில்லை. வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டபோது நான் கட்டிலில் படுத்தபடியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மாமா உள்ளே வந்தார். சட்டையில் மண். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். மணிக்கட்டு வீங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அலறுவதற்குள் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து என் தலையணையில் வைத்தார்.

"முதல்ல இதைப் போட்டுப் பாரு, திறக்கான்னு. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

நூலகப் படியில் இறங்கும்போது விழுந்திருக்கிறார். அன்றும் முடியாது என்று சொல்லி அனுப்பிய பிறகுதான். சத்தம் கேட்டு உள்ளிருந்து அதே ஊழியர் ஓடிவந்து, தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்திருக்கிறார். பிறகு மாமாவின் மடியில் கிடந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், புதிய கடவுச்சொல்லை எழுதிய சீட்டோடு திரும்பி வந்திருக்கிறார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. சிஸ்டம் ஒத்துக்கொண்டது.

"ரெண்டு நிமிஷந்தாம்மா ஆச்சு" என்றார் மாமா. அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம். காரியத்தை முடித்துவிட்டு வந்த சந்தோஷம். அந்த ஊழியர் மேல் வந்த கோபத்தைவிட எனக்கு அந்த முகத்தின் மேல் வந்த கோபம் பெரிது. முதல்முறையாக மாமாவிடம் கத்தினேன். "உங்களை யார் போகச் சொன்னது? கையைப் பாருங்க! இதுக்கா போனீங்க?" அவர் தலையைக் குனிந்துகொண்டு, "செருப்பு கழண்டு கிடந்திருக்கு. எனக்குத் தெரியவே இல்லம்மா" என்றார்.

காலிலிருந்து செருப்பு கழன்றது ஒருவருக்குத் தெரியாமல் போவதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். என் ஆய்வே அதுதான். மாமாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை இருந்தது. பாதம் மரத்துப்போயிருப்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் கட்டிலில் கிடந்தபடி படம் பார்த்து, அட்டவணை தேடி, யாரோ ஊர் பேர் தெரியாத முதியவர்களின் பாதங்களைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டுரைகளுக்காக இந்தப் பாதங்கள் வெயிலில் நடந்துகொண்டிருந்தன.

கணவரின் அண்ணன் கடையிலிருந்து வந்து மாமாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு. அவர்கள் போன பிறகு சீட்டிலிருந்ததைத் தட்டினேன். திறந்தது. நான் அத்தனை நாள் தேடிய கட்டுரையும் திறந்தது. கடைசிப் பக்கம்வரை ஓட்டிப் பார்த்தேன். எனக்கு வேண்டிய அட்டவணை அதில் இல்லை. பயிற்சி விவரங்கள் தனியே ஒரு துணைக் கோப்பில் உள்ளன என்று அடியில் ஒரு வரி. அந்தக் கோப்பைத் தட்டியபோது உங்கள் நிறுவனத்துக்கு இதைப் பார்க்கும் உரிமை இல்லை என்று வந்தது. திரையை மூடினேன். அன்று மாலைவரை திறக்கவே இல்லை.

கெடு தவறிப்போனது. நான் அடுத்த அணியோடுதான் திட்டத்தைக் கொடுத்தேன், கைக்குழந்தையோடு. ஆனால் அந்த இடைப்பட்ட மாதங்களில், பாடப்புத்தகத்தில் இருந்ததையும் என் மனதுக்குப் பட்டதையும் சேர்த்து மாமாவுக்குப் பயிற்சி கொடுத்தேன். கட்டில் சட்டத்தை நல்ல கையால் பிடித்துக்கொண்டு அவர் எனக்கு எதிரே நிற்பார். குதிகாலை உயர்த்துங்கள், இப்போது விரல்களை உயர்த்துங்கள், கண்ணை மூடாதீர்கள் என்று நான் படுத்தபடி சொல்லிக்கொண்டே இருப்பேன். "நிக்கக் கூடாத பிள்ளை நிக்கச் சொல்லிக் குடுக்கு" என்று சிரிப்பார். தடுமாறினால் எட்டிப் பிடிக்க என்னால் முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அதனால் அவர் மிகவும் கவனமாக நின்றார். மகள் பிறந்த சமயத்தில் சட்டத்தைப் பிடிக்காமல் நிற்கத் தொடங்கியிருந்தார்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்ததும் நூலகத்துக்கு நீளமான புகார் ஒன்று எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது என்று பதில் வந்தது.

இப்போது நான் வேறொரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். போன மாதம் பாலவாக்கத்திலிருந்து என் மாணவி ஒருத்தி அழைத்தாள். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, வீட்டைவிட்டு நகர முடியவில்லை. நூலகக் கணக்குக்கான ஓடிபி அவளுடைய பழைய எண்ணுக்குப் போகிறது. எண்ணை மாற்ற நேரில் வரச் சொல்கிறார்கள். நூலகக் குழுக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். நூலகப் பொறுப்பாளர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏதாவது எமர்ஜென்சின்னா செஞ்சு கொடுத்துட்டுத்தானே இருக்கோம் மேடம்" என்றார். எமர்ஜென்சி என்றால் எது என்று கேட்டேன். "அதை அப்பப்போ பார்த்துக்கலாம் மேடம்" என்றார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது மாமா பட்டினப்பாக்கத்திலிருந்து பேத்தியோடு திரும்பிக்கொண்டிருந்தார். கடற்கரை மணலில் நடக்க வேண்டாம், தார்ச்சாலையில் மட்டும் நடங்கள் என்று நான் சொல்லியிருந்தும் இருவர் காலிலும் மணல் இருந்ததைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து என்ன விஷயம் என்றார். நூலகக் கூட்டம் என்றேன்.

"இப்பமாவது பிள்ளைகளுக்கு வீட்ல இருந்தே படிக்க முடியுதா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் காலையில் சலவைச் சட்டையோடு வந்து நின்றிருப்பார்.

"முடியுது மாமா. எல்லாம் சரி பண்ணிட்டாங்க."

செருப்பைக் கழற்றி, குனிந்து பார்த்து, ஓரமாக வைத்தார். "பின்ன?" என்றார். "நேர்ல போய்ச் சொன்னா கேக்கத்தானம்மா செய்வான்."