குரங்கு கொண்டுபோன கணக்குப் பேப்பர்

குரங்குக்குப் பண்டமாற்று கற்றுக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர்தான். வேதத்தின் மேல் கை வைத்துச் சொல்வேன்.

அறுபதுகளின் கடைசியில் சேலையூரில், கேம்ப் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். ஒரு நாள் ஒரு பெண்குரங்கு அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறிவிட்டது. வாழைப்பழத்தைக் காட்டினார். கண்ணாடியைப் போட்டுவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டது. "பாத்தியா, எவ்ளோ புத்தி!" என்று அவருக்கு ஒரே பெருமை. அடுத்த வாரம் சோப்பு டப்பா போனது, அதற்கடுத்து என் செருப்பு. தின்கிற பொருளை எடுத்தால் கல்லடி, தின்னாததை எடுத்தால் பழம் என்று அது கண்டுபிடித்துவிட்டது. ஜன்னலுக்குக் கொக்கி போட்டோம். இரண்டே நாளில் கொக்கியைத் தூக்கப் பழகிக்கொண்டது. அப்புறம் நான் கொக்கியைக் கயிற்றால் கட்ட ஆரம்பித்தேன்.

அந்தக் காலத்தில் பெரிய பரீட்சைப் பேப்பர்களைத் திருத்துவதற்கு வீட்டுக்கே கட்டாக அனுப்பிவிடுவார்கள். எனக்கு அந்த வருஷம்தான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு பேப்பர் தொலைந்தாலும் வேலை போய்விடும் என்று கூட வேலை செய்தவர்கள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அந்தக் கட்டை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன்.

அன்று அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. ஜன்னலைக் கட்டாமல் ஓடிவிட்டேன். திரும்பி வந்தால் மேஜைமேல் அந்தக் குரங்கு. பக்கத்துத் தட்டில் முறுக்கு இருந்தது, அதைத் தொடவில்லை. நான் பாதி திருத்தி வைத்திருந்த பேப்பரை எடுத்துக்கொண்டு ஒரே தாவலில் கூரைக்குப் போனது. நான் எதைவிட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்று எங்கிருந்தோ பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது, சனியன்.

நான் போட்ட கூச்சலில் பால் ஊற்றும் அம்மாள் ஓடி வந்தாள். "கத்திகினு நிக்காத டீச்சரம்மா, கிழிச்சிப் போட்டுடும். ஒரு பழத்த வச்சிட்டுத் தள்ளி நில்லு."

வைத்தேன். குரங்கு தாள்களைக் கோத்திருந்த நூலைக் கடித்துப் பிரித்து ஒரு தாளை மட்டும் கீழே விட்டது. இன்னொரு பழம், இன்னொரு தாள். மொத்தம் ஐந்து தாள், வீட்டிலிருந்ததோ நாலு பழம். அவள் கடைக்கு ஓடினாள். அதற்குள் தெருநாய்கள் குரைக்க, கடைசித் தாளோடு குரங்கு கூரை கூரையாகத் தாவிப் போய்விட்டது. இருட்டும்வரை வேலி வேலியாகத் தேடினேன். கிடைக்கவில்லை.

இருந்த நாலு தாளையும் திருத்திக் கூட்டினேன். முப்பத்து மூன்று. பாஸுக்கு இன்னும் இரண்டு மார்க் வேண்டும்.

"குரங்கு எடுத்துட்டுப் போச்சுன்னு உண்மைய எழுதிக் கொடுத்துடு" என்றார் வீட்டுக்காரர்.

"யாருங்க நம்புவாங்க? ஜன்னல ஏன் தெறந்து போட்டேன்னு கேப்பாங்க."

"அப்போ ரெண்டு மார்க்காவது போட்டு அனுப்பு."

"எந்தப் பதிலுக்குப் போடறது? மேல இருக்கறவங்க கூட்டிப் பார்த்தா?"

எனக்குப் புத்தி நன்றாகவே வேலை செய்தது. காணாமல் போனது கடைசித் தாள். நாலு தாளோடு பிள்ளை எழுதி முடித்துவிட்டதாகத்தான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். புது நூல் கோத்து, முப்பத்து மூன்று என்று போட்டு, கட்டோடு அனுப்பிவிட்டேன்.

நாலு நாள் கழித்துப் பால் ஊற்ற வந்தவள் ஒரு தாளை நீட்டினாள். "இன்னான்னு பாரு டீச்சரம்மா. எங்க மாட்டுக் கொட்டாய் மேல கெடந்துச்சி."

இரண்டு கணக்கு. இரண்டும் சரி, பத்து மார்க். அடியில் 'சரிபார்த்தல்' என்று தலைப்புப் போட்டு, விடையை மறுபடியும் போட்டுப் பார்த்து, கோடு கிழித்து முடித்திருந்தது அந்தப் பிள்ளை. ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஒரு நம்பர்தான்.

"வேண்டிய காயிதம்தானா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

ரிசல்ட் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தலைமைத் தேர்வாளர் வீடு. நான் போகவில்லை.