நடுவில் ஒரு சீட்டு

தனக்கு நல்லது எது என்று பெரும்பாலும் சரியாகவே கணித்து வாழ்ந்த ஒருவர், ஒரு முறை பிசகிவிட்டால், அது பிசகுதானா என்று யாரிடம் போய்க் கேட்பது? ஒத்தக்கடை ஹரிராமின் வாழ்க்கை கடைசியில் இந்தக் கேள்வியில் வந்து நின்றது. அவர் பெரிய மனிதர் அல்ல. தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். கெட்டவரும் அல்ல. எங்கே போனாலும் நல்ல இடமாகப் பார்த்து உட்காருவார், அவ்வளவுதான்.

கல்யாணப் பந்தியில் எந்த முனையிலிருந்து பரிமாறத் தொடங்குவார்கள் என்று நின்று பார்த்துவிட்டுத்தான் இலைக்குப் போவார். தியேட்டரில் மின்விசிறிக்கு நேர் கீழே. ஒத்தக்கடையிலிருந்து நகருக்குப் போகும் டவுன் பஸ்ஸில் காலையில் போகும்போதும் சரி, மாலையில் திரும்பும்போதும் சரி, வெயில் இடப்பக்கம்தான் விழும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். அவர் உட்காருவது வலப்பக்கம். இடப்பக்கம் பெண்களுக்கானது. அங்கே அவர் மனைவி ஹம்சவேணி முந்தானையால் முகத்தை மறைத்தபடி வருவார்.

"வெயில் அடிக்கிற பக்கம்னு தெரிஞ்சுதான் எங்களுக்கு ஒதுக்கியிருக்காக," என்பார் இறங்கியதும்.

இருவரும் சேர்ந்து போன பயணங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். ஒரே பஸ், வேறு வேறு பக்கம்.

மகள் தேவிகாவுக்கு அமெரிக்காவில் குழந்தை பிறந்தது. பார்க்கப் போக வேண்டும். தல்லாகுளத்தில் டிக்கெட் எடுத்துத் தரும் யூனுஸின் கடைக்கு இருவரும் போனார்கள். பெங்களூரில் ஏறினால் அமெரிக்காவின் மேற்குக் கரையில்தான் இறங்க வேண்டும் என்கிற நெடுந்தூர விமானம். யூனுஸ் திரையில் சீட்டுகளின் படத்தைத் திறந்தார். ஜன்னல், நடு, ஓரம் என்று மும்மூன்றாக இருந்தன.

"பதினாறு மணி நேரத்துக்கு மேலண்ணே. ரெண்டு பேருக்கும் ஒட்டினாப்புல போட்டுரட்டா?"

ஹரிராம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "றெக்க மேல வேணாம். கக்கூசுக்குப் பக்கத்துல வேணாம். ரொம்பத் தள்ளியும் இருக்கக் கூடாது, எனக்கு அடிக்கடி எந்திரிக்கணும்."

"ஒங்களுக்குன்னு தனியா ஒரு பிளேனு செய்யச் சொல்லட்டாண்ணே?"

"கேலி பண்ணாத. ஜன்னல் ஒண்ணு, ஓரம் ஒண்ணு போடு. நடுவுல விட்டுரு. ஒத்தையாக் கெடக்குற நடு சீட்ட எவன் எடுப்பான்? காலியாத்தான் வரும். மூணும் நமக்குத்தான்."

"யாராச்சும் வந்துட்டா?" என்றார் ஹம்சவேணி.

"வந்தா வரட்டும். ஒனக்கு ஜன்னல் இருக்கு. வேடிக்க பாத்துக்கிட்டு வா."

"மேகத்த எம்புட்டு நேரம் பாக்குறது? பஸ்லதான் ஆளுக்கொரு பக்கம். இதுலயாச்சும் பக்கத்துல ஒக்காரலாம்னு பாத்தேன்."

யூனுஸ் சிரித்தார். ஹரிராமும் சிரித்தார். பிறகு ஹம்சவேணி தங்கள் சௌராஷ்டிர மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார். ஹரிராம் திரையில் ஜன்னலையும் ஓரத்தையும் விரலால் தொட்டுக் காட்டி, "போடு யூனுஸு," என்றார்.

விமானத்தில் நடு சீட்டுக்கு ஆள் வந்தது. விருதுநகர்ப் பக்கத்து இளைஞன், நல்ல உயரம். இருவரும் தம்பதி என்று தெரிந்ததும் அவனே கேட்டான்: "சார், நான் வேணா ஜன்னல் பக்கம் போயிர்றேன். அம்மா ஒங்க பக்கத்துல வரட்டும்."

தன் கணக்கு தப்பியதை ஒப்புக்கொள்ள ஹரிராமுக்கு மனம் வரவில்லை. "வேணாம் தம்பி. அவ ஜன்னலுக்கு ஆசப்பட்டா."

ஹம்சவேணி அப்படி ஆசைப்பட்டதே இல்லை. ஆனாலும் வேற்று ஆள் முன்னால் கணவரை மறுத்துப் பேசவில்லை.

வழியில் ஒதுங்க வேண்டி வருமே என்று பயணத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பக்கத்துப் பெண்கள் பலருக்கும் பழக்கம். பஸ்ஸுக்குக் கற்ற அந்தப் பழக்கத்தை ஹம்சவேணி விமானத்திலும் கைவிடவில்லை. இளைஞன் முழங்கால் முன்சீட்டில் இடிக்கத் தூங்கிப்போனான். அறியாத ஆணை எழுப்பவும் கூச்சம், தாண்டவும் கூச்சம். அவர் இடத்தைவிட்டு எழவே இல்லை. ஹரிராம் பலமுறை எழுந்து நடந்தார். திரும்பி வரும்போதெல்லாம் தூங்குபவனுக்கு மேலாகத் தலையசைத்து, சௌகரியமா என்று கேட்டார். அவரும் தலையசைத்தார்.

இறங்கும்போது ஹம்சவேணியின் இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. "ஒக்காந்தே வந்தேன்ல, சரியாப் போயிரும்," என்றார். அந்த வாரமே, பேத்தியைக் குளிப்பாட்டத் தண்ணீர் விளாவிக்கொண்டிருந்தவர், மூச்சு வாங்கி அப்படியே சரிந்தார். பிழைக்கவில்லை. காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது. வயது, சர்க்கரை, காலில் முன்பே சுருண்டிருந்த நரம்புகள், அசையாமல் வந்த நெடும் பயணம், இவற்றில் இதுதான் என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

"டாக்டரே சொல்லிட்டாருப்பா. ஒங்களால இல்ல," என்றாள் தேவிகா.

"பயணமும் ஒரு காரணம்னாரே."

"அது பலதுல ஒண்ணு."

"அதத்தான் நானும் சொல்றேன்."

பல காரணங்கள் கூடித்தான் எதுவும் நடக்கிறது என்பது சரியான வாதம். ஆனால் அந்தப் பலவற்றில் ஹரிராம் தன் விரலால் திரையில் தொட்டுக் காட்டியது ஒன்றைத்தான். உன் தப்பு என்றோ, இல்லை என்றோ அடித்துச் சொல்ல அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மகள் சொன்னால் அது ஆறுதலாகிவிடும். சொல்லத் தகுதியுள்ளவர் உயிரோடு இல்லை.

தங்களோடேயே இருந்துவிடும்படி தேவிகா கேட்டாள். அவர் ஊருக்குப் போக வேண்டும் என்றார். திரும்பும் டிக்கெட்டுக்காக யூனுஸிடம் தொலைபேசியில் பேசினார்.

யூனுஸுக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "அண்ணே, மதினியோட ரிட்டன் டிக்கெட்ட ரத்து பண்ணிட்டேன். ஒங்களுக்கு நல்ல ஓர சீட்டு ஒண்ணு இருக்கு. பக்கத்துச் சீட்டும் இப்ப வரைக்கும் காலிதான்."

"நடு சீட்டு போடு."

"நடுவா?"

"ரெண்டு பக்கமும் ஆளு இருக்குற வரிசையாப் பாத்துப் போடு."

"ஒங்களுக்கு அடிக்கடி எந்திரிக்கணுமேண்ணே. தூங்குற ஆள எழுப்பணும், தாண்டணும்..."

"தெரியும். அதுக்குத்தான் கேக்குறேன். போடு."

ஊர் திரும்பிய சில வாரங்கள் கழித்து ஹரிராம் யூனுஸின் கடைப் பக்கம் வந்தார். யூனுஸ் டீ வரவழைத்தார். பேச்சு எங்கெங்கோ போனது. கடைசியில் பொறுக்க முடியாமல், "ஏண்ணே திரும்பி வாரப்ப அந்த நடு சீட்டக் கேட்டீக?" என்றார்.

ஹரிராம் டீயைக் குடித்து முடித்தார். "பஸ் வந்துரும், வாரேன்," என்று எழுந்தார்.