கனத்துக்கு ஏறிய பிள்ளைகள்

தொடைக்குக் கீழே சூடான இரும்பு நடுங்கும். அந்த நடுக்கம் முதுகுத்தண்டு வழியாக ஏறிப் பல்வரிசை வரைக்கும் வந்து, வாயை எவ்வளவு இறுக்கி மூடினாலும் பல்லோடு பல் மோதும். மூக்கில் டீசல் புகையும், வெட்டிய கரும்பின் பச்சை வாசனையும், கொதிக்கும் ரேடியேட்டரின் துரு வாசனையும் ஒன்றாக ஏறும். ஓடும் டிராக்டரின் முன்பக்கத்தில், இரண்டு விளக்குகளுக்கும் கீழே இருக்கும் பம்பரில், எடைக்காக மட்டும் உட்கார வைக்கப்பட்ட ஒரு சிறுமியின் நினைவு இது. அந்தச் சிறுமி நான்தான். சில வாரங்களுக்கு முன்பு வரை இதை நான் சிரித்துக்கொண்டேதான் சொல்லி வந்தேன்.

எங்கள் ஊர் எறையூர் ஆலைக்குக் கரும்பு போகும் சாலையில் இருக்கிறது. ஊரைத் தாண்டியதும் சாலை ஓர் ஓடைக்குள் இறங்கி, தரைப்பாலத்தைக் கடந்து, எதிர்க்கரையில் விறுவிறுவென்று ஏறும். அரவை தொடங்கிவிட்டால், மார்கழிப் பனியிலிருந்து பங்குனி வெயில் வரைக்கும், பாரம் ஏற்றிய டிராக்டர்கள் அந்த மேட்டில் வந்துதான் திணறும். பின்னால் டிரெய்லரில் வீட்டுக் கூரை உயரத்துக்குக் கரும்பு. அது பள்ளத்தைப் பார்த்து இழுக்கும், டிராக்டர் மேட்டைப் பார்த்து இழுக்கும், இந்த இழுபறியில் டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையை விட்டு மெல்லக் கிளம்பிவிடும். தரையில் படாத சக்கரத்தை வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்ப முடியாது. டிரைவர் ஸ்டியரிங்கை எப்படிச் சுற்றினாலும் அந்த இரண்டு சின்னச் சக்கரங்களும் வெறுங்காற்றில் இப்படியும் அப்படியும் தலையாட்டும். அப்போது டிரைவர் ஊர்ப்பக்கம் திரும்பி, "கனத்துக்கு ஆளு வாங்க" என்று ஒரு குரல் கொடுப்பார். தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடுவோம். தூக்கிய மூக்கின் மேல் நாங்கள் ஏறி உட்கார்ந்தால் சக்கரம் தரையைப் பிடிக்கும், வண்டி மேடேறும். மேட்டின் உச்சியில் இறங்கும்போது ஆளுக்கு ஒரு கரும்பு கிடைக்கும். இதற்குப் பெயர் "கனத்துக்குப் போறது".

நான் அந்த வயதில் குண்டு. பள்ளிக்கூடத்தில் என்னை "மூட்டை" என்று கூப்பிடுவார்கள். அதற்காக நான் அழுத நாட்கள் உண்டு. ஆனால் ஓடை மேட்டில் அதே பெயர் ஒரு பட்டம். ராசு அண்ணன் என்றொரு டிரைவர் இருந்தார். என்னைக் காணாவிட்டால் வண்டியை எடுக்க மாட்டார். "மூட்டை இல்லாம நான் கிளட்ச்ச வுட மாட்டேன், வூட்ல போயி கூட்டியாங்க" என்பார். ஒல்லிப் பிள்ளைகள் ஏறினால், "நீ ஏறுனா வண்டி இன்னும் லேசாயிரும், எறங்கு சாமி" என்று விரட்டுவார். நான் நடுவில் போய் உட்காருவேன், எனக்கு இடம் விட்டு மற்றவர்கள் ஒதுங்குவார்கள்.

எஞ்சினின் மேல்மூடியில் இரண்டு பேர் உட்காருவதும், பம்பரின் நுனியில் ஒருவர் உட்காருவதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாங்களாகவே மாறி மாறி உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தோம். கிளட்ச்சை "வெடுக்குனு" விட்டால் மூக்கு தூக்கும், "பைய" விட்டால் வண்டி ஏறும் என்பதும் தெரியும். அந்த வயதில்தான், ஏழாம் வகுப்பில், புறவிசை ஒன்று செயல்படாத வரையில் ஒவ்வொரு பொருளும் தன் நிலையிலேயே இருக்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தோம். ஒப்பித்துவிட்டு, மணி அடித்ததும் ஓடை மேட்டுக்கு ஓடினோம். இரண்டும் ஒரே பாடம் என்று எங்களில் ஒருவருக்குமே தோன்றவில்லை, பெரியவர்களுக்கும் தோன்றவில்லை. "பல்ல ஒடச்சிக்கிட்டு வந்து நிக்காதீங்க" என்பதற்கு மேல் அம்மா எதுவும் சொன்னதில்லை. அப்பாவோ எல்லாவற்றுக்கும் பயப்படுகிற மனிதர். கிணற்றுப் பக்கம் விட மாட்டார், இடி இடித்தால் வாசலில் நிற்க விட மாட்டார், தெருநாய் ஒன்று எங்களைப் பார்த்து உறுமினால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவார். டிராக்டர் மூக்கு மட்டும் அவருடைய பயத்தின் பட்டியலில் இல்லை.

அன்றைக்கு மேட்டில் நின்றது எங்கள் கரும்பு. வயலின் கடைசிக் கட்டுகளை விட்டுவைக்க மனமில்லாமல் எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றியிருந்தார்கள். கரும்பை வெட்டிப் போட்டுவிட்டால் வெயில் அதன் எடையைக் குடித்துவிடும் என்று அப்பாவுக்கு அவசரம். "ஏத்துறப்ப மேடு கண்ணுக்குத் தெரியாது" என்று அவரே பிற்பாடு சொல்வார். பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் பாதிப் பிள்ளைகள் போய்விட்டதால், கனத்துக்கு நாங்கள் கொஞ்சம் பேர்தான். மூக்கு இறங்கியும் இறங்காமலும் ஊசலாடியது. ராசு அண்ணன் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் துளி கனம் வேணும் மாமா" என்றார்.

என் தங்கச்சி பூங்கொடி சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். நாலு வயது. அப்பா அவளைத் தூக்கி, பம்பரில் இருந்த என் மடியில் வைத்தார். "இவளும் ஒரு அரைக்கட்டு இருப்பா" என்றார். எல்லாரும் சிரித்தோம். பிறகு அவர் ஒரு பெரிய கல்லை எடுத்துக்கொண்டு டிரெய்லரின் பின்சக்கரத்துக்குப் போனார். வண்டி பின்வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் கல் வைப்பது கரும்புக்காரரின் வேலை.

கிளட்ச் வெடுக்கென்று விழுந்தது. எனக்கு முன்னால் இருந்த சாலை காணாமல் போய், அந்த இடத்தில் வானம் இருந்தது. முதுகு ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டது, கால்கள் மேலே போயின, பக்கத்திலிருந்தவள் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு "ஆத்தீ" என்றாள். அடுத்த நொடி அந்த மூக்கு அப்படியே தரையில் வந்து மோதியது. மோதிய வேகத்தில் என் தாடை மார்பில் இடித்தது. குனிந்து பார்த்தேன். மடியில் பூங்கொடி இல்லை.

அவள் சாலையில் உட்கார்ந்திருந்தாள், முன்சக்கரத்துக்கு நேர் எதிரே, காலை நீட்டி, சோறு ஊட்டக் காத்திருக்கும் பிள்ளைபோல. வண்டி ஒரு கை அளவு பின்னால் நகர்ந்தது, பின்சக்கரம் அப்பாவின் கல்லில் இடித்து நின்றது. புழுதி அடங்கியது. அவள் அழவில்லை. முதலில் சிரித்தது ராசு அண்ணன்தான். "சின்னம்மாவுக்கு நம்ம வண்டி ஒத்துவரல, எறங்கிருச்சு பாருங்க" என்றார். பின்னாலிருந்து அப்பா ஓடி வந்தார், எங்கள் சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்தார், அவளுடைய பாவாடையைத் தட்டிவிட்டு, தூக்கி, மறுபடியும் என் மடியில் வைத்தார். "இறுக்கிப் புடிச்சிக்க" என்று என்னிடம் சொன்னார். இரண்டாவது தடவை வண்டி ஏறிவிட்டது. உச்சியில் அவளுக்கும் ஒரு கரும்பு கொடுத்தார்கள். அவளைவிட உயரமான கரும்பு.

இதுதான் எங்கள் வீட்டின் பெரிய வேடிக்கைக் கதை. அப்பா அதைச் சொல்லாத விசேஷம் கிடையாது. பூங்கொடியின் கல்யாணத்தில் மாப்பிள்ளையிடமே, "பாத்து நடந்துக்குங்க மாப்ள, ஒத்துவரலன்னா குதிச்சிரும் எங்க பொண்ணு" என்று சொல்ல, பந்தியே சிரித்தது.

என் மகள் யாழினி இப்போது பெரம்பலூரில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சிமெண்ட் லாரிகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் போகிற சாலையில் அவளுடைய பள்ளி வேன் போவதால், அது போய்ச் சேர்ந்தது என்று தெரியும் வரைக்கும் எனக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. விசையும் இயக்கமும் பாடம் நடத்திய டீச்சர், வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு ஓர் எடுத்துக்காட்டை எழுதி, எந்த விசை எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டு வரச் சொல்லியிருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு டிராக்டர் வரைந்தேன், டிரெய்லர் வரைந்தேன், மேடு வரைந்தேன், மூக்கில் என்னைக் குண்டாக வரைந்தேன். அவளும் சிரித்தாள். டிராக்டரின் இழுப்புக்கு முன்பக்கம் பார்த்து ஓர் அம்பு, பாரத்தின் இழுப்புக்குப் பின்பக்கம் பார்த்து ஓர் அம்பு போட்டாள்.

"சித்தி எங்க விழுந்தாங்கம்மா?"

முன்சக்கரத்துக்கு எதிரே ஒரு புள்ளி வைத்தேன்.

"வண்டி முன்னாடிதானே போவணும்?"

"போவணும். ஆனா பின்னாடி வந்துருச்சு."

"டிரைவர் பிரேக் போட்டாரா?"

"இல்லடி. அவரு சிரிச்சிக்கிட்டுல்ல இருந்தாரு. பாரம் இழுத்துச்சு."

அவள் பென்சிலால் இரண்டு அம்புகளையும் தொட்டுப் பார்த்தாள். பின்னால் பார்க்கும் அம்பு ஒரு நூல் கூடுதல் நீளம். "அப்ப டிராக்டரோட அம்பு இதவிடக் கொஞ்சம் பெருசா இருந்திருந்தா?" என்றாள். கேட்டுக்கொண்டே அதை நீட்டி வரையத் தொடங்கியவள், அம்பின் முனை புள்ளிக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

முப்பது வருடங்களுக்கு மேலாக நான் சொல்லிவந்த கதையில் ஒருவரும் ஒன்றுமே செய்யவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. யாரும் அவளை இழுக்கவில்லை, யாரும் வண்டியை நிறுத்தவில்லை. கல் வண்டியைப் பின்னால் போகாமல்தான் தடுத்தது. முன்னால் வராமல் தடுக்க அங்கே எதுவும் இல்லை. இரண்டு இழுப்புகளுக்கு நடுவில் இருந்த ஒரு நூல் வித்தியாசம், அதுவும் நாங்கள் பேராசையில் கூடுதலாக ஏற்றிய கரும்பின் வித்தியாசம், அவ்வளவுதான் என் தங்கச்சி. அதை விடவும் என்னைக் குலைத்தது, அப்பா அவளை மறுபடியும் தூக்கி வைத்தாரே, அதுதான். நாய்க்குப் பயந்த அப்பா. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு இருக்கும்போது.

பூங்கொடி தா.பழூரில் வாழ்கிறாள். அன்று சாயங்காலமே போன் போட்டு, உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன்.

"நான் குதிச்ச கதைதானக்கா? அதுக்கா போன் போட்ட" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவளும் சிரிப்பை நிறுத்தினாள்.

"விழுந்தது ஞாபகம் இல்லக்கா. அப்பா திரும்பத் தூக்கி ஏத்துனாருல்ல, அது இருக்கு. அவரு சட்டைய நான் வுடவே இல்ல. வெடுக்குனு பிரிச்சாரா, பித்தான் கையோட வந்துருச்சு. ரொம்ப நாளு அத வச்சிருந்தேன்."

"ஏண்டி இத்தன வருசமா சொல்லல?"

"எல்லாரும் சிரிச்சீங்களே" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் யாழினியோடு ஊருக்குப் போனேன். ஓடையில் இப்போது உயர்மட்டப் பாலம். சாலை இறங்குவதும் இல்லை, ஏறுவதும் இல்லை. கரும்பு டிராக்டர் ஒன்று பாலத்தின் மேல் சாதாரணமாக ஓடியது. தேநீர்க் கடையில் நின்றிருந்த இன்னொரு டிராக்டரின் மூக்கில், பம்பருக்கு மேலே, புத்தகங்களை அடுக்கியது போல இரும்புப் பாளங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். மூக்கு தூக்காமல் இருக்கத்தான் என்றார் அதன் டிரைவர். ஒரு பாளத்தை அசைத்துப் பார்த்தேன். நாலு வயதுப் பிள்ளையைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்கும். பாளங்கள் எத்தனை என்று யாழினி எண்ணத் தொடங்கினாள். நான் அவளை அங்கிருந்து கூட்டிக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் யாழினி நீட்டிய காலண்டர் படத்தை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். டிராக்டர் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. "ஒங்க சித்தி குதிச்ச கதையா கண்ணு" என்று தொடங்கினார். யாழினி குறுக்கிட்டு, "ஏன் தாத்தா திரும்பவும் ஏத்துனீங்க?" என்று கேட்டாள். குற்றம் சொல்லும் தொனி இல்லை. பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"வண்டி ஏறலியே சாமி" என்றார் அப்பா.

பிறகு, "இந்தப் புள்ளி யாரு?" என்றார். சித்தி என்றாள். அவர் விரலைப் புள்ளியின் மேல் வைத்தார். அவர் விரல் புள்ளியையும் மறைத்தது, பக்கத்திலிருந்த சக்கரத்தையும் மறைத்தது. விரலை எடுத்துவிட்டுப் பார்த்தார், மறுபடியும் வைத்தார். யாழினி அம்புகளை விளக்கினாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நான் பின்னால இருந்தேம்மா. கல்லத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். நானும் என் மகளை எதன் மேலெல்லாம் உட்கார வைத்துவிட்டு எந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனோ, எனக்குத் தெரியாது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பூங்கொடியின் மகனுக்குக் காதுகுத்து. ஓடை மேடு போய்விட்டது, "கனத்துக்கு ஆளு வாங்க" என்ற குரல் போய்விட்டது, ராசு அண்ணனும் இப்போது இல்லை. அந்தக் கதை மட்டும் பந்திக்குப் பந்தி வந்துகொண்டிருந்தது. சாப்பாட்டின்போது மாப்பிள்ளை வீட்டு உறவுக்காரர் ஒருவர், "அந்த டிராக்டரு கதைய எடுத்து வுடுங்க மாமா, புள்ளைங்க கேக்கட்டும்" என்றார். பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். பூங்கொடி ரசம் ஊற்றிக்கொண்டு அப்பாவின் இலைக்கு வந்திருந்தாள்.

அப்பா நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்தபடி, "அதெல்லாம் மறந்துபோச்சு மாப்ள" என்றார்.

பூங்கொடி அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.