லிஃப்ட் இல்லாத ஹோட்டல்

"லிஃப்ட் எந்தப் பக்கம்மா?"

மலாக்கா டவுன் நடுவில் உள்ள அந்தப் பழைய ஹோட்டலில் கவுண்டர் வேலைக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது. அன்றைக்குக் கேட்டவர் தடியூன்றி நின்றார். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டிருந்தது.

"லிஃப்ட் இல்லைங்க ஐயா. பழைய கட்டடம், இடிச்சு லிஃப்ட் வைக்கக் கவர்மெண்ட்ல விடமாட்டாங்க."

கீழே கவுண்டரும் கோப்பிக் கடையும்தான். ரூம் எல்லாம் மாடியில். அவருக்கும் மனைவிக்கும் கல்யாண நாள் என்று மகன் ஆன்லைனில் புக் பண்ணி, இருவரையும் சுங்கை ரம்பாயிலிருந்து அழைத்துவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தான். ஹோட்டலில் தங்குவது இதுதான் முதல் தடவை என்று அவர் மனைவி ஐசி அடையாள அட்டையைக் கொடுக்கும்போதே என்னிடம் சொல்லியிருந்தார்.

மேனேஜர் என் காதருகே முணுமுணுத்தார். "வெப்சைட்ல போட்டிருக்கே லா, படிக்க மாட்டாங்களா?" பிறகு போர்ட்டர்கள் இருவரைக் கூப்பிட்டு, "தூக்கிட்டுப் போங்க" என்றார். அவர்கள் பெரியவரின் அக்குளில் கை கொடுத்தார்கள்.

"கைய எடு! லோரில ஏத்துற பனங்குலையா நான்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"வேணாங்க. நம்ம பையனுக்குப் போன் போடுவோம், வீட்டுக்கே போயிடலாம்."

பெரியவர் மனைவியின் புதுச்சேலையைப் பார்த்தார். தடியை என்னிடம் நீட்டினார். "இதப் புடிம்மா." முதல் படியில் உட்கார்ந்தார். நல்ல கையை ஊன்றி, பின்பக்கமாக அடுத்த படிக்கு ஏறினார். அந்த அம்மாவும் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ ஏன் உக்கார்ற? நடந்து போயேன்."

"பேசாம ஏறுங்க."

இருவரும் அப்படியே ஏறினார்கள். இறங்கி வந்த வெள்ளைக்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். பாதியில் அவருக்கு மூச்சு வாங்கியது. அந்த அம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். உதவட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. தடியோடு பின்னாலேயே போனேன்.

மேலே போனதும் பெரியவர் தடியை வாங்கிக்கொண்டு, "ரூம்ல ஏர்கோன் நல்லா வேலை செய்யுமா?" என்று கேட்டார்.

"செய்யும் ஐயா."

அதற்குப் பிறகு ஒவ்வொரு புக்கிங்குக்கும் முதல் நாளே போன் போட்டு, "வர்றவங்க எல்லாருக்கும் படி ஏற முடியுங்களா?" என்று கேட்டுவிடுவேன். சிலர் கேன்சல் பண்ணினார்கள். "நீயே கஸ்டமர விரட்டுறியே" என்று மேனேஜர் கத்துவார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

கவுண்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நம் ஹோட்டலில் லிஃப்ட் இல்லை என்பதை, வருகிறவர் தன் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே தெரிந்துகொள்ளட்டும்.