சித்திரபுரத்தில் இன்னொரு உதுமான் ராவுத்தர்

காலை 5.40. கொல்லங்கோடு பேருந்து நிலையத்தில் "ராவுத்தரே!" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். அரிசி மில் ராவுத்தர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் ராவுத்தர், மூன்று தேர்தலில் தோற்றும் சளைக்காத ராவுத்தர் என்று எங்கள் ஊரில் பிரபலங்களுக்குக் குறைவில்லை. காணாமல் போய்ப் பெயர் வாங்கியவர் என்னைப் பெற்ற அத்தா காசிம் ராவுத்தர் மட்டும்தான். எனக்கு ஆறு வயதானபோது வியாபாரத்துக்கென்று மலையேறியவர் திரும்பவில்லை. மூணாறு பக்கம் சித்திரபுரத்தில் ஒரு ராவுத்தர் கடை கண்ணில் பட்டதாக லாரி ஓட்டும் மச்சான் போன வாரம் சொன்னான்.

படுக்கையில் கிடக்கும் அம்மா, "உசுரோட இருக்காங்களான்னு மட்டும் பாத்துட்டு வா கண்ணு" என்றாள். எனக்கு வேறு கேள்வி இருந்தது. மகன் பெயராவது அந்த மனிதருக்கு நினைவிருக்கிறதா? முப்பது வருடக் கோபம் அது.

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறு சேர்ந்தபோது மதியம் 1.15. ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். ஓட்டுநர் பேச்சுவாக்கில் பெயரைக் கேட்டார். "உதுமான் ராவுத்தர்" என்றேன். அதன்பின் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். மூடுபனி இறங்கிச் சாலையை மறைத்தது.

பிற்பகல் 2 மணி, சித்திரபுரம். மின்வாரியக் குடியிருப்புக்கு எதிரே பூட்டிய கடை. பலகையில் என் பெயர்: உதுமான் ராவுத்தர் ஸ்டோர்.

பக்கத்து டீக்கடைக்காரரிடம் நான் யாரென்று சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"விளையாடாதீங்க அண்ணாச்சி. உதுமான் ராவுத்தர் மவுத்தாகி ரெண்டு வருஷமாச்சு. நானும் மண்ணு தள்ளுனேன்."

மசூதிக்குப் பின்னால் ஈரச் சரிவிலிருந்த அடக்கத்தலத்துக்குக் கூட்டிப்போய், ஒரு தலைமாட்டில் நட்டிருந்த பாசி படிந்த மீசான் கல்லை உள்ளங்கையால் துடைத்தார். 'கொல்லங்கோடு உதுமான் ராவுத்தர்.' என் ஊர், என் பெயர். என் கபருக்கு முன்னால் நானே நின்றிருந்தேன். நிஜமாகவே பயந்துபோனேன்.

"ஆள் எப்படி இருப்பாரு?"

"இடது காது நுனி இருக்காது. சின்னதுல நாய் கடிச்சதும்பாரு."

அத்தாவேதான்; அந்தக் காது எனக்கு நினைவிருந்தது. எங்களில் கடைக்கு மூத்த மகன் பெயரை வைப்பது வழக்கம். இங்கே பலகையில் இருப்பதையே கடைக்காரர் பெயர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது மகன் என் பெயர், அவர் பெயர் காசிம் என்று டீக்கடைக்காரரிடம் சொன்னேன்.

"உதுமானேன்னுதான் கூப்பிடுவோம். ஒருநாளும் இல்லேன்னு சொல்லலையே! சிரிச்சுக்கிட்டே வருவாரு. பேரத் தப்பா வெட்டிட்டோமே அண்ணாச்சி, மாத்திருவமா?"

"வேண்டாங்க, இருக்கட்டும்" என்றேன். ஓதிவிட்டு இறங்கினேன்.

மாலை 4.30 பேருந்து. உயிரோடு இல்லை என்று அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். மறக்கவில்லை என்றும் சொல்லலாம். படியில் கால் வைத்தபோது, பூட்டிய கடைப் பக்கம் பனிக்குள்ளிருந்து "உதுமானே!" என்று யாரோ கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது.

நான் திரும்பவில்லை. அந்த ஊரில் அந்தப் பெயருக்குத் திரும்ப வேண்டியவர் அத்தாதான்.