மூன்றாம் போகத்துக்கு அப்பால்

என் தங்கையின் கணவர் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் கணினி விளையாட்டொன்றை இயற்றினார். கல்முனையில் அவர் நடத்திய கணினி வகுப்பிலேதான் அது பிறந்தது. ஆடுபவர் அதில் வட்டவிதானை; குளத்து நீரை வயல்களுக்குப் பங்கிடும் பொறுப்பாளர். மதகைத் திறந்து, யானைகளைத் துரத்தி, போகந்தோறும் வேளாண்மையை அறுவடை வரை காத்தல் வேண்டும். நிரல் மைத்துனருடையது, ஆட்ட விதிகளை வகுத்தவன் நான். மாணவர்கள் முட்டிமோதி ஆடினர். ஆயினும், மூன்றாம் போகத்தைக் கடந்தவர் ஒருவருமில்லை. அத்துணை அரிய ஆட்டத்தைப் படைத்துவிட்டோம் என்று நாங்கள் இருவரும் செருக்குற்றிருந்தோம்.

சென்ற ஆண்டு அவருடைய பழைய கணினி அடியோடு ஓய்ந்தது. புதிய கணினி எதிலும் விளையாட்டு இயங்கவில்லை. எஞ்சியது, அவர் முன்னரே படியெடுத்து வைத்திருந்த மூலநிரல் மட்டுமே. எவரும் படிக்கவும் திருத்தவும் உரிமையளித்து அதனை இணையத்தில் வெளியிடுவோம், வல்லவர் எவரேனும் உயிர்கொடுப்பர் என்றேன். மைத்துனர் கொதித்தெழுந்தார்.

"என்ட சாரனச் சந்தியில வச்சி அவுக்கச் சொல்றீங்களா, மச்சான்? அந்த நிரல் முழுக்க ஒட்டும் பொத்தலும். பாக்கிறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டுமே," என்றாள் தங்கை. "அலுமாரிக்குள்ள கிடந்து மௌத்தாப் போறதவிட நாலு பேர் பாத்துச் சிரிச்சா என்ன குறைஞ்சி போகும்?"

நான்காம் நாள் வெளியிட்டார்.

சிரித்தவர் எவருமிலர். இரண்டு வாரங்களில் இறக்காமத்திலிருந்து ஒரு பெண்மணி எழுதினார். கணினித் துறையில் பணிபுரிபவர். விடுமுறை நாள்களில் தந்தையோடு வயலில் நிற்பவர். விளையாட்டைக் கைப்பேசியில் இயங்குமாறு மாற்றிவிட்டதாகத் தெரிவித்து, இதனையும் சேர்த்திருந்தார்: "சேர், கோவிக்க வேணாம். நீங்க மேல் வயலுக்கு முதல்ல தண்ணி குடுக்கிறீங்க. அப்பிடிக் குடுத்தா கடைசி வயலுக்கு வந்து சேராது. எங்கட பக்கம் கடைசி வயல்ல இருந்துதான் தொடங்குவம். உங்கட மாதிரிச் செஞ்சா வட்டவிதானைக்கு அடிதான் விழும்!"

மைத்துனர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "வாசிங்க, மச்சான். இது என்ட பிழையா, உங்கட பிழையா?"

பிழை என்னுடையதே. நாவிதன்வெளியில் எங்கள் குடும்பத்துக்கு வயலுண்டு. ஆயின் அது என்றும் குத்தகையில். நெல்மூட்டை வீட்டுக்கு வரும். நீர் எவ்வழி போயிற்றென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மேலிருந்து கீழே பாய்வதுதானே நீர் என்று நாற்காலியில் அமர்ந்தவாறே விதி வகுத்துவிட்டேன். எங்கள் செருக்குக்குரிய அருமையெல்லாம் அவ்வறியாமையின் விளைவே.

அப்பெண்மணியின் திருத்தத்தை அன்றே ஏற்றோம். அசர் தொழுகைக்குப் பின் மைத்துனர் ஆட அமர்ந்தார். மூன்றாம் போகத்தில் கடைசி வயலுக்கு முதன்முறையாக நீர் சென்றது. ஒருமுறை யானை வரம்பை உடைத்தது. தங்கை அவரினும் உரக்கக் கத்தினாள். நான்காம் போகம் விளைந்தது. ஐந்தாவதும் விளைந்தது. அப்போது திரையில், எந்த ஆட்டக்காரரும் கண்டிராத காட்சியொன்று விரிந்தது: களவெட்டி என்னும் நெற்களத்தில் பொன்னிறக் குவியல், அதனருகே முக்காடிட்ட ஓர் இளம்பெண், கையில் தேநீர்க் கேத்தலுடன்.

தங்கை கண்ணாடியைச் சரிசெய்து உற்றுநோக்கினாள். "இது ஆரு? நானா?"

"வேற ஆரு?"

"முப்பது வருசமா என்ன இதுக்குள்ள ஒளிச்சி வச்சிரிக்கீங்க!"

"நான் எங்க ஒளிச்ச? உன்ட காக்கா எழுதின சட்டந்தான் ஒளிச்சி வச்ச!" என்று அவளுடைய அண்ணனாகிய என்னைச் சுட்டினார்.

மூவரும் சிரித்த சிரிப்பில் அண்டை வீட்டார் எட்டிப்பார்த்தனர். மைத்துனர் அன்று மாலையே இயற்றியோர் பட்டியலைத் திறந்து, விதிகள் என்னும் தலைப்பின்கீழ் இறக்காமத்துப் பெண்மணியின் பெயரை முதலில் பொறித்து, என் பெயரை அதற்குக் கீழே இறக்கினார். முழுமனதுடன் உடன்பட்டேன்.