இந்தியர் மாலைக்கு ஆள் சேர்த்தது

கலை விழாவுக்கு விளம்பரம் செய்வது என்றால் பெரும்பாலும் தெருத்தெருவாக நடப்பதுதான். வேலைக்குச் சேரும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறியவள், குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மேசையும் மின்விசிறியும் இருக்கும் என்று நம்பிச் சேர்ந்தேன். மேசை இருந்தது. அதில் உட்காரத்தான் நேரம் இல்லை.

நாடு சுதந்திரம் அடைந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சுதந்திர நாளையொட்டி மலாக்கா நகரத்தில் விழா. மலாய் மாலை, சீனர் மாலை, இந்தியர் மாலை என்று நாளுக்கு ஒரு கூட்டத்தாருக்கு மண்டபத்தைக் கொடுத்திருந்தார்கள். நோட்டீஸ் எழுதுவது, அச்சகத்துக்கு ஓடுவது, படக்கொட்டகையில் காட்டும் கண்ணாடி சிலைடுக்கு வாசகம் கொடுப்பது, ஒலிபெருக்கி வண்டியில் ஏறி எந்தத் தெருவில் எந்த மொழியில் கூவ வேண்டும் என்று ஓட்டுநருக்குச் சொல்வது, எல்லாம் நான்தான். மரவள்ளி மாவில் பசை காய்ச்சியதும் நான்தான்.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது விழாக் கமிட்டிச் செயலாளர் கூப்பிட்டார். அவரும் தமிழர்தான். ஆனால் தமிழை எட்ட நின்று பேசுகிறவர்.

"போன வருஷம் இந்தியர் மாலைக்குப் பாதி ஹால்கூட நிறையல. இந்தத் தடவையும் அப்படின்னா அடுத்த வருஷம் தனி மாலை கிடையாதும்மா. கடைசி நாள்ல ஒரு டான்ஸ் வெச்சு முடிச்சிருவாங்க. கமிட்டியில பேசியாச்சு."

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா நகராட்சியில் சாலை வேலை பார்க்கிறவர். அந்த மண்டபத்துக்கு எதிரே உள்ள சாலைக்கு எத்தனையோ முறை தார் ஊற்றியிருக்கிறார், உள்ளே போனதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே நாற்காலியில் உட்காரக் கிடைப்பது வருடத்தில் ஒரே ஒரு மாலை. அதையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்றால் விடக்கூடாது என்று தோன்றியது.

நோட்டீஸை இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். அச்சில் வந்த என் முதல் எழுத்து அது. கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்குப் போனேன். மசாலைச் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன் ஒருவர், "வெச்சுட்டுப் போம்மா, வர்றவங்களுக்குக் குடுக்குறேன்" என்றார். இரண்டு நாள் கழித்துப் போனால், என் நோட்டீஸைக் கூம்பாகச் சுருட்டிச் சீரகம் மடித்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதம்மா. கையில குடுத்தா வாசல்லயே போட்டுட்டுப் போறாங்க. இப்படின்னா அடுப்படி வரைக்கும் போகுதில்ல?"

யோசித்துப் பார்த்தேன். இன்னொரு கட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்தது நாங்கள் குடியிருந்த காஜா பெராங். செயலாளர் கொடுத்த பட்டியலில் அங்கேதான் இந்தியர் வீடுகள் அதிகம். அவற்றில் பெரும்பாலானவை மலாக்கா செட்டிகளின் வீடுகள். பல நூறு வருடங்களுக்கு முன் வியாபாரத்துக்கு வந்த தமிழர்கள், இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டார்கள். கோயிலும் பூசையும் நம்முடையவை. பேச்சு மலாய், பெண்களின் உடை கெபாயாவும் சாரோங்கும். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்களாயிற்றே. இருந்தாலும் தமிழ் நோட்டீஸைத்தான் வீடு வீடாகக் கொடுத்தேன். பட்டியலில் அப்படி இருந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மையில், என் எழுத்தை எல்லாக் கையிலும் பார்க்க ஆசைப்பட்டேன். எல்லோரும் இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு மக்சிக்கிடம், அத்தை முறையில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்கப் போனேன். அவர் என்னைச் சாமி அறைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் என் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நாலு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம்.

அந்த வீடுகளுக்குத் தமிழ் எழுத்து வருவது கோயிலிலிருந்துதான். இதுவும் கோயில் கடுதாசி என்று நினைத்துவிட்டார்கள்.

"எந்தச் சாமிக்குத் திருவிழா?" என்று மலாயில் கேட்டார்.

திருவிழா இல்லை, மண்டபத்தில் நாட்டியமும் நாடகமும் என்றேன். அவர் நோட்டீஸின் ஓரத்தைத் தொட்டார்.

"அப்ப இதை எடுத்துடலாமா? பொட்டு வெச்சாச்சே. பாவம் வராதா?"

"இருக்கட்டும் மக்சிக்."

"நாடகம் தமிழா? எங்களுக்குப் புரியாதே. எங்க ஆளு யாராவது மேடை ஏறுறாங்களா?"

இல்லை என்றேன். "பின்ன யாரைப் பார்க்க வர்றது?" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். குதிகால் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. மூன்று வாரத்தில் இரண்டு போய்விட்டது. மக்சிக் கேட்டது சரி என்றே பட்டது. நோட்டீஸைப் பார்த்து யாரும் வருவதில்லை. தெரிந்த முகம் மேடையில் இருந்தால் வருகிறார்கள். மக்சிக் வீட்டு ஆட்கள் கல்யாணங்களில் பிடிலும் ரபானா மேளமும் வைத்துக்கொண்டு மலாய்ப் பந்துன் பாடுவார்கள். ஒருவர் பாட மற்றவர் பதிலுக்குப் பாடும் பாட்டு. அவர்களை மேடை ஏற்றுவது என்று முடிவு செய்தேன்.

நிகழ்ச்சிப் பொறுப்பு தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவரிடம் இருந்தது. நாடகமும் அவருடையதுதான்.

"ஏம்மா, நமக்குக் கெடைக்கிறது ஒரு மாலை. அதுலயும் மலாய்ப் பாட்டா?"

"அவங்களும் நம்ம ஆளுங்கதானே ஐயா."

"தமிழ் தெரியாத நம்ம ஆளு."

"அவங்க வரலைன்னா உங்க நாடகத்தை நாற்காலிங்கதான் பார்க்கும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள், "சரி, மொதல்ல பாடிட்டுப் போகட்டும்" என்றார்.

"மொதல்ல பாடினா பாடி முடிச்சதும் எல்லாரும் எழுந்து போயிருவாங்க. கடைசியா வைங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ கடை வெக்க வேண்டிய பொண்ணு" என்றார்.

செயலாளர் விஷயம் வேறு. மலாயில் பாடுவது என்றால் அது மலாய் மாலைக்குத்தான் என்பார். ஆகையால் நிகழ்ச்சி நிரலில் "செட்டிச் சமூகத்தாரின் பாடல்" என்று மட்டும் அடித்தேன். எந்த மொழி என்று நான் எழுதவில்லை, அவரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

பிறகு காஜா பெராங் முழுவதும் மறுபடி நடந்தேன். இந்த முறை கையில் காகிதம் இல்லை. யார் பாடுகிறார்கள் என்று மட்டும் மலாயில் சொன்னேன்.

இந்தியர் மாலையன்று ஐந்து மணிக்கே அவர்கள் வந்துவிட்டார்கள். கெபாயாவில் பெண்கள், கைக்குழந்தைகள், மடியில் பலகாரச் சட்டி. பெண்டஹாராக் கடைக்காரர்கள் பின்வரிசையைப் பிடித்தார்கள். சீரகம் மடித்த அண்ணனும் இருந்தார். என் அப்பா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நடுவரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாடகத்தில் தாய் அழும் இடத்தில் முன்வரிசை சிரித்தது. தாய் வேடம் போட்டவர் மீசையோடு இருந்ததுதான் காரணம். திரைக்குப் பின்னால் வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். நடித்தவருக்கு உற்சாகம் வந்து இன்னும் கொஞ்சம் அழுதார்.

கடைசிப் பாட்டை நான் கேட்கவில்லை. வெளியே படியில் உட்கார்ந்தவள் தூணில் சாய்ந்து தூங்கிவிட்டேன். கைதட்டல்தான் எழுப்பியது.

திங்கட்கிழமை கமிட்டிக் கூட்டம். செயலாளர் முகம் மலர்ந்திருந்தது.

"ஹால் நெறஞ்சிருச்சு, அடுத்த வருஷமும் தனி மாலை உண்டு. அப்புறம், அந்தப் பாட்டு இருக்கே, எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. மலாய்ப் பாட்டுன்னு நீ சொல்லவே இல்லையே? அடுத்த வருஷம் அதை மலாய் மாலைக்கு மாத்தியாச்சு."

"அப்ப அவங்க எல்லாரும் அன்னிக்குத்தான் வருவாங்க சார். நம்ம மாலை காலியா இருக்கும்."

"அதுக்குத்தான் நீ இருக்கியேம்மா."

பாராட்டா என்று யோசிக்கவும் அலுப்பாக இருந்தது. கூட்டக் குறிப்பை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டியவள் நான். பாட்டை மாற்றிய தீர்மானத்தைச் சின்ன எழுத்தில் அடித்தேன். இந்தியர் மாலை அடுத்த ஆண்டும் நடைபெறும் என்ற ஒரு வரியை மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்து, கீழே கோடும் போட்டுக் கையெழுத்துக்கு அனுப்பினேன்.